பிளாயா டெல் கார்மெனில் தெக்கீலாவும் சுருட்டும்: எதை எந்தக் கடையில் வாங்குவது?

மெக்சிகோவின் கரீபியக் கரையில் உள்ள பிளாயா டெல் கார்மெனில் மதுவும் சுருட்டும் கிடைக்காத தெருவே இல்லை. கடற்கரைக்கு இணையாக ஓடும் ஐந்தாம் நிழற்சாலையை உள்ளூரில் ‘கின்தா’ என்பார்கள். வண்டி போகாத கடைவீதி அது. அங்கே பத்தடிக்கு ஒருவர் ‘டெக்கீலா? கியூபன் சிகார்?’ என்று அழைப்பார். அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மதுவான அதே தெக்கீலா, கடற்கரைக்கு முதுகைக் காட்டி இருபது நிமிடம் நடந்தால் வரும் சூப்பர் மார்க்கெட்டில் தெளிவாக விலை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும். விலை வித்தியாசம் சில சமயம் இரண்டு மடங்கு.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு பொருளுக்கும் விதி நேர் எதிரானது. மதுவுக்கு மிகச் சாதாரணமான கடைதான் நல்ல கடை. சுருட்டுக்கு, அதிலும் கியூபா சுருட்டுக்கு, அதிகாரபூர்வமான ஒரே வகைக் கடையைத் தவிர மற்றதெல்லாம் வீண். இரண்டையும் ஒரே இடத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று கின்தாவில் நுழைபவர்தான் இரண்டிலும் ஏமாறுகிறார்.

கடைக்கு முன்னால் விமானம்

எந்தக் கடை என்பதற்கு முன் எந்த ஊரில் இறங்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

அமெரிக்காவுக்குத் திரும்புபவர் கியூபா சுருட்டை வாங்கவே கூடாது. 2016 அக்டோபரிலிருந்து சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவர அனுமதி இருந்தது. 2020 செப்டம்பர் 24 முதல் அது போய்விட்டது. மூன்றாவது நாட்டில் வாங்கிய கியூபா சுருட்டும், கியூபா ரம்மும் இப்போது தடைசெய்யப்பட்டவை. ‘சுருட்டைச் சுற்றிய பெயர் வளையத்தைக் கழற்றிவிட்டால் தெரியாது’ என்று கடைக்காரர் சொல்லுவார். மாட்டினால் பறிமுதலும் அபராதமும் உங்களுக்கு, விற்ற காசு அவருக்கு. மற்ற நாட்டுச் சுருட்டு 100 வரை தீர்வையின்றி வரும். 21 வயது நிரம்பியவருக்கு மது ஒரு லிட்டர். அதற்கு மேலும் கொண்டுவரலாம், அறிவித்துத் தீர்வை கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

கனடாவில் 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு 1.14 லிட்டர் மதுவும் 50 சுருட்டும். கியூபாவுக்குத் தடை இல்லை. பிரிட்டனில் 22 சதவீதத்துக்கு மேற்பட்ட வீரியமுள்ள மது 4 லிட்டர், சுருட்டு 50. இந்தியாவில் மது 2 லிட்டர், சுருட்டு 25, அதாவது வழக்கமான ஒரு பெட்டி.

பலர் தவறவிடுவது இடைநிறுத்தத்தை. கான்கூனிலிருந்து சென்னைக்கோ டொரொன்டோவுக்கோ போகும் பயணம் ஹூஸ்டன், டல்லாஸ் வழியாக என்றால், அமெரிக்காவில் குடிவரவும் சுங்கமும் கடந்தே அடுத்த விமானம். அங்கே ‘நான் வழிப்போக்கன்’ என்ற சமாதானம் எடுபடாது, கியூபா சுருட்டு அங்கேயே நின்றுவிடும். பானாமா வழியாகவோ ஐரோப்பா வழியாகவோ போகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மது: நிழற்சாலை எண் ஏற ஏற விலை இறங்கும்

பிளாயாவில் நிழற்சாலைகள் 5, 10, 15, 20 என்று ஐந்தைந்தாக உள்ளூரை நோக்கிப் போகின்றன. 30-ஆம் நிழற்சாலை ஊர்க்காரர்கள் புழங்கும் இடம். அதையும் தாண்டினால் 307-ஆம் எண் நெடுஞ்சாலை. செத்ராவி, வால்மார்ட், சொரியானா போன்ற பெரிய கடைகள் கின்தாவைவிட்டு உள்ளே தள்ளியே இருக்கின்றன. அங்கே விலை மெக்சிகோப் பணமான பெசோவில், வரி உட்பட. பேரமும் இல்லை, ருசி பார்க்கச் சொல்லிக் கையைப் பிடித்து இழுப்பவரும் இல்லை. 100 சதவீத அகாவேயில் செய்த நடுத்தரமான நல்ல தெக்கீலா பெரும்பாலும் 300 முதல் 600 பெசோவுக்குள் அகப்படும்.

லா எவுரோப்பேயா என்ற மதுக்கடைச் சங்கிலி இதற்கு அடுத்தது. ஒயினும், தெக்கீலாவுக்கு உறவான அகாவே மதுவாகிய மெஸ்காலும் சூப்பர் மார்க்கெட்டைவிடப் பரந்த தேர்வில் கிடைக்கும். ஹிமதோர், கசதோரெஸ் மாதிரி எங்கும் கிடைக்கும் சரக்கு போதுமென்றால் அங்கே போக வேண்டியதில்லை. சின்ன உற்பத்தியாளரின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்திருந்தால் அங்கேதான் போக வேண்டும்.

தெருமுனையில் இருக்கும் ஒக்ஸோ என்ற சிறுகடை அவசரத்துக்கு. பீருக்குச் சரி. தெக்கீலாவில் தேர்வு குறைவு.

கின்தாவின் ‘தெக்கீலா ருசிபார்க்கும்’ கடைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கரைவது அங்கேதான். வழக்கம் இப்படி: முதலில் பாதாம், காப்பி சேர்த்த இனிப்பான கிரீம் வகை ஒன்றிரண்டு மடக்கு. வெறும் வயிற்றில் அது நன்றாகவே இருக்கும். பிறகு அடர்நிறத்தில் ஒன்று: ‘ஏழு வருடம் பீப்பாயில் இருந்தது, ஏற்றுமதி கிடையாது, இங்கே மட்டும்தான்.’ பாட்டில் கையால் ஊதிய கண்ணாடி அல்லது வர்ணம் தீட்டிய பீங்கான். விலை டாலரில். பாதியாகக் குறைத்தும் தருவார்கள், அதிலும் அவர்களுக்கு நட்டம் இல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் கடைக்கென்று ஒரு பெயர் ஒட்டிய சரக்கு, வெளியே ஒப்பிட்டுப் பார்க்க விலையே இருக்காது. அங்கு சரக்கு கட்டாயம் போலி என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காசில் பெரும்பங்கு பாட்டிலுக்கும் கதைக்கும் போகிறது.

‘டியூட்டி ஃப்ரீ’ என்று கின்தாவில் தொங்கும் பலகைகளை நம்ப வேண்டாம். உண்மையான தீர்வையற்ற கடை சர்வதேச விமான நிலையம், துறைமுகம், எல்லை ஆகிய இடங்களில்தான் இருக்க முடியும். குயின்டானா ரூ மாநிலத்தில் 2013 வரை மதிப்புக் கூட்டு வரி 11 சதவீதமாக இருந்தது, நாட்டின் மற்ற பகுதிகளைவிடக் குறைவு. 2014 முதல் இங்கும் 16 தான். பலகையை மட்டும் யாரும் கழற்றவில்லை.

கான்கூன் விமான நிலையக் கடை உண்மையிலேயே தீர்வையற்றது. 20 சதவீதத்துக்கு மேற்பட்ட வீரியமுள்ள மதுவுக்கு மெக்சிகோ 53 சதவீதக் கலால் வரியும் அதன்மேல் 16 சதவீத வரியும் போடுகிறது. இவ்வளவும் இல்லையென்றால் தெக்கீலா மலிவாக அல்லவா இருக்க வேண்டும்? இருப்பதில்லை. விலை டாலரில், ஊருக்குத் திரும்பும் பயணியின் பையை அளந்து வைத்த விலை. தெக்கீலாவைப் பொறுத்தவரை ஊருக்குள் வரியோடு வாங்குவதே பெரும்பாலும் மலிவு. ஸ்காட்ச், கோன்யாக் போன்ற இறக்குமதிச் சரக்குக்கு மட்டும் விமான நிலையத்தில் ஒருமுறை விலை பார்க்கலாம். அதற்காக சூப்பர் மார்க்கெட் விலையைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையோடு மட்டும் பயணம் செய்பவருக்கு வேறு வழி இல்லை, அவருக்கு விமான நிலையம்தான்.

பாட்டிலை எப்படிப் படிப்பது

முதலில் தேட வேண்டியது ‘100% தெ அகாவே’ என்ற சொற்கள். அவை இல்லையென்றால் அது கலப்பு: சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் அகாவேயிலிருந்து வந்தால் போதும், மீதியைக் கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கலாம். சட்டப்படி அதுவும் தெக்கீலாதான். ‘ஓரோ’ என்று பொன்னிறத்தில் விற்கப்படுவதில் பெரும்பங்கு இந்தக் கலப்பு, நிறம் கேரமலில் வந்தது.

அடுத்து வயது. பிளாங்கோ ஓய்வில்லாதது. ரெபோசாதோ ஓக் மரத்தில் குறைந்தது 2 மாதம். அன்யேகோ 600 லிட்டருக்கு மேற்படாத பீப்பாயில் குறைந்தது ஓராண்டு. எக்ஸ்த்ரா அன்யேகோ 3 ஆண்டு, இந்த வகை 2006-இல்தான் வந்தது. இவை எல்லாம் குறைந்தபட்சம். நிறம் வயதுக்குச் சாட்சி அல்ல, ஏனென்றால் கேரமல், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு ஆகியவற்றை 1 சதவீதம் வரை சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த ‘கிறிஸ்தலீனோ’ என்பது பீப்பாயில் பழுத்ததைக் கரியில் வடிகட்டி நிறம் நீக்கியது. மென்மையாக இறங்கும். அகாவே மணம் வேண்டுபவர் அந்தக் காசுக்கு நல்ல பிளாங்கோ இரண்டு வாங்கலாம்.

மூன்றாவது, நோம் என்ற நான்கு இலக்க எண். அது பிராண்டின் எண் அல்ல, ஆலையின் எண். 1119 என்றால் ஹெர்ரதூரா, 1492 என்றால் பத்ரோன், 1449 என்றால் தோன் ஹூலியோ. கின்தாவில் காட்டும் பெயர் தெரியாத பாட்டிலிலும் இந்த எண் இருக்கும். இணையத்தில் தேடினால் அதே ஆலையில் இன்னும் எத்தனை பெயரில் சரக்கு வடிகிறது என்று தெரிந்துவிடும். ஐம்பது பெயர் வந்தால் ‘எங்கள் தாத்தாவின் வடிசாலை’ என்ற கதை அங்கேயே முடிந்தது. எண்ணே இல்லாத பாட்டிலைத் தொட வேண்டாம்.

நான்காவதாக வீரியமும் அளவும். ஒரே பிராண்ட் அமெரிக்காவில் 40 சதவீதம், மெக்சிகோவில் 35 அல்லது 38 ஆக இருக்கலாம். அமெரிக்க விதி 40-க்குக் குறையவிடாது, மெக்சிகோ விதி 35-இலிருந்து 55 வரை அனுமதிக்கிறது. ஹிமதோர் இங்கே 35 தான். ‘வீட்டில் வாங்குவதைவிட மலிவு’ என்று மகிழ்வதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு: ஹெர்ரதூராவின் பிளாங்கோ இங்கே 46-இல் கிடைக்கும். பாட்டில் அளவும் 750 மி.லி.க்குப் பதில் 700, லிட்டருக்குப் பதில் 950 அல்லது 990 என்று வரும், ஆகவே விலையை மி.லி.யால் வகுத்து ஒப்பிடுங்கள்.

கடைசியாக மூடியின் அருகில் ஒட்டியிருக்கும் ‘மார்பெத்தே’ என்ற வரி முத்திரை. மெக்சிகோ வரித்துறை தரும் தாள் அது, கியூஆர் குறியோடு இருக்கும். கைப்பேசியில் படித்தால் வரித்துறைப் பக்கம் திறந்து தயாரிப்பாளர் பெயரையும் பொருள் வகையையும் காட்டும், அது பாட்டிலோடு பொருந்த வேண்டும். தாள் கிழிந்திருந்தாலோ வேறு பக்கம் திறந்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். காலிப் பாட்டிலில் மலிவுச் சாராயத்தை நிரப்பி விற்பது இந்நாட்டில் பழைய தொழில். 2020 மே மாதம் புவெப்லா, ஹாலிஸ்கோ மாநிலங்களில் மெத்தனால் கலந்த சாராயம் பலரைக் கொன்றது. அது சுற்றுலாக் கடைகளில் நடந்ததல்ல. ஆனால் கடற்கரையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் ‘வீட்டு மெஸ்கால்’ வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

தெக்கீலாவே வேண்டும் என்பதில்லை. இந்தப் பக்கத்துக்கே உரியது ஷ்தபெந்தூன்: தேனும் சோம்பும் சேர்ந்த யுகாத்தான் மது, வீரியம் 30 சதவீத அளவில். தெக்கீலா ஹாலிஸ்கோவிலிருந்து இங்கே வந்த விருந்தாளி, ஷ்தபெந்தூன் மண்ணின் பிள்ளை. பரிசுக்கு இதுவே பொருத்தம், சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். மெஸ்கால் வாங்கினால் ‘ஆர்தெசனால்’ (பழைய கைமுறையில் செய்தது) என்ற சொல்லும் எந்த அகாவே, எந்த ஊர் என்பதும் எழுதியிருக்கட்டும். பாட்டிலுக்குள் புழு மிதப்பது வேடிக்கை, தரத்துக்கு அடையாளம் இல்லை.

பணம் கொடுக்கும்போது இரண்டு பொறி. மெக்சிகோவில் பெசோவுக்கும் டாலர்க் குறிதான் போடுவார்கள். கின்தாவில் ‘60’ என்று குறியோடு எழுதியிருந்தால் எந்தப் பணம் என்று கேட்டுவிட்டே கையில் எடுங்கள். அட்டை இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, பெசோவிலா’ என்று கேட்டால் பெசோ. மற்றதைத் தொட்டால் மாற்று விகிதத்தில் ஒரு பகுதி போய்விடும். இன்னொன்று, இரவிலும் ஞாயிறு பிற்பகலிலும் மது விற்பனை முன்கூட்டியே நிற்கலாம், தேர்தல் நாளில் முழுவதுமாக நிறுத்துவதும் உண்டு. கடைசி நாள் மாலைக்கு ஒத்திப்போட வேண்டாம்.

சுருட்டு: மலிவு கிடைத்தால் அது கியூபா இல்லை

கியூபா சுருட்டுக்குச் சட்டப்படியான வழி ஒன்றே: மெக்சிகோவுக்கான அதிகாரபூர்வ இறக்குமதியாளர் மூலம் வருவது. அதன் முகம் ‘லா காசா தெல் ஹபானோ’. உலகில் அந்தப் பெயரில் திறந்த முதல் கடையே 1990-இல் கான்கூனில்தான். பெயர்ப்பலகையில் ‘ஹபானோ’ என்ற சொல் இருந்தால் போதாது. முழுப் பெயரும் சரியாக இருக்க வேண்டும், முகவரியை நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துவிட்டுப் போங்கள். கின்தாவில் அதே சாயலில் பெயர் வைத்த கடைகள் உண்டு.

கடற்கரையில் கூடையோடு வருபவரும், ‘என் மச்சான் ஹவானா ஆலையில் வேலை’ என்பவரும் காட்டுவது பெரும்பாலும் கியூபாவின் விலையுயர்ந்த கோஹிபா பிராண்டின் எஸ்ப்ளெந்திதோஸ் அல்லது பெஹிகே வகை. பெட்டி 50, 60 டாலர். 2022-இல் கோஹிபா விலையை உலகெங்கும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தினார்கள். அதன் பிறகு 25 எஸ்ப்ளெந்திதோஸ் கொண்ட உண்மையான பெட்டி எந்த நாட்டிலும் ஆயிரம் டாலரைத் தாண்டும். ஆகவே மலிவான கோஹிபா என்று ஒன்று கிடையாது. பெஹிகே 10 கொண்ட பெட்டியில்தான் வரும். 25 பெஹிகே இருந்தால் திறந்து பார்க்கவே வேண்டாம். மேல்மூடி கண்ணாடியாக இருக்கும் பெட்டியும் அப்படியே: அதைக் கியூபா செய்வதில்லை, கின்தாவில் மட்டும் குவிந்து கிடக்கும்.

மற்றப் பெட்டிகளில் பார்க்க வேண்டியவை: இடது விளிம்பில் பச்சை நிறக் கியூபா அரசு முத்திரை, அதில் ஹோலோகிராமும் கோடுக்குறியும். அந்த எண்ணை ஹபானோஸ் என்ற கியூபா சுருட்டு நிறுவனத்தின் தளத்தில் இட்டுச் சரிபார்க்கலாம். வலது மேல்மூலையில் சாய்வாக ‘ஹபானோஸ்’ ஒட்டு. அடிப்பலகையில் ‘எச்சோ என் கூபா’ (கியூபாவில் செய்தது), ‘தோத்தால்மெந்தே ஆ மானோ’ (முழுக்கக் கையால்) என்று சூடு வைத்துப் பதித்த எழுத்து, விரலால் தடவினால் பள்ளம் தெரியும். அதன் அருகே மை முத்திரையில் ஆலைக் குறியும், ஸ்பானிய மாதச் சுருக்கமும் ஆண்டும். மெக்சிகோவில் சட்டப்படி விற்கும் பெட்டியில் இந்நாட்டு உடல்நல எச்சரிக்கையும் ஒட்டியிருக்கும். ‘அது இல்லாமல் சுத்தமான பெட்டி’ என்று பெருமையாகக் காட்டினால், கடத்தல் அல்லது போலி.

பெட்டியைத் திறந்தால் உள்ளே: சுருட்டுகள் இடப்பக்கம் கருமையாகத் தொடங்கி வலப்பக்கம் வெளுத்துப்போகும்படி நிறம் பிரித்து அடுக்கியிருக்கும். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்கும். அடிமுனையில் நீண்ட இலைகள் மடிந்திருப்பது தெரிய வேண்டும், தூளாகவோ குச்சியாகவோ இருக்கக் கூடாது. ஒரு விலக்கு: ஹோசே எல். பியெத்ரா, கின்தேரோ ஆகிய மலிவு வகைகள் நறுக்கிய இலையில் செய்தவை, பெட்டியிலேயே ‘திரிப்பா கோர்த்தா’ என்று சொல்லியிருக்கும். ஒன்றிரண்டு ருசி பார்க்க விரும்புபவர் உதிரியாக வாங்கலாம், ஆனால் திறந்த பெட்டியின் அடிப்பலகையைக் காட்டச் சொல்லுங்கள். கோஹிபாவை விட்டுவிட்டு மொந்தெக்ரிஸ்தோ 4, பார்த்தகாஸ் ‘D’ வரிசை 4 ஆகிய கியூபா வகைகளின் பக்கம் போனால் பணத்துக்கு ஏற்ற புகை.

கடைவாசலில் மேசை போட்டுச் சுருட்டிக்கொண்டிருப்பவரிடம் வாங்கலாமா? வாங்கலாம், எதை வாங்குகிறோம் என்று தெரிந்து. ‘கியூபா விதை’ என்றால் கியூபாவின் புகையிலை இல்லை, வேறு மண்ணில் விளைந்தது. அன்று சுருட்டியதில் ஈரமும் அமோனியா நெடியும் இருக்கும், சில வாரம் கிடந்தால்தான் சரியாகும். அங்கேயே கொளுத்தி, ‘கியூபா சுருட்டு இவ்வளவுதானா’ என்று முடிவுக்கு வருவது நியாயமில்லை.

எங்கள் கட்சி வேறு: மெக்சிகோவில் மெக்சிகோச் சுருட்டு. வெராக்ரூஸ் மாநிலத்து சான் அந்த்ரேஸ் துக்ஸ்த்லாவின் எரிமலை மண்ணில் விளையும் கரிய மேலிலையை உலகச் சுருட்டாலைகள் தேடி வாங்குகின்றன. தே ஆமோ, காசா துர்ரெந்த் ஆகியவை அந்த மண்ணின் பெயர்கள். விலை கியூபாவின் ஒரு பகுதிதான். போலி செய்ய யாருக்கும் ஆசை இல்லை. அமெரிக்கச் சுங்கத்தில் ஒளிக்கவும் வேண்டாம். அமெரிக்கா திரும்புபவருக்கு வேறு யோசனையே தேவையில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் கைச்சுருட்டு கிடைத்தாலும் குளிர்சாதனக் காற்றில் உலர்ந்திருக்கும். அங்கே வேண்டாம். விமான நிலையத்தில் கியூபாப் பெட்டி உண்மையானதுதான். தேர்வு குறைவு, உதிரி அரிது.

வாங்கிய பிறகு

2023 ஜனவரி 15 முதல் மெக்சிகோவில் பொது இடங்களில் புகைக்கத் தடை, கடற்கரையும் ஹோட்டலும் அதில் சேரும். கடையில் புகையிலையைப் பார்வைக்கு அடுக்கவும் தடை, அதனால் சில இடங்களில் விலைப்பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஹோட்டலில் குறித்த இடம் உண்டா என்று வரவேற்பில் கேளுங்கள், பால்கனி என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். நம்மூர்ச் சுருட்டுபோல் இருமுனையும் திறந்திருக்காது, தலைப்பக்கம் மூடிய தொப்பியை வெட்ட வேண்டும். வெட்டுக்கத்தி கடையிலேயே இருக்கும்.

கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி, ஹோட்டல் அறையில் குளிர்சாதனம். சுருட்டுக்கு இரண்டும் ஆகாது. 65 முதல் 69 சதவீத ஈரப்பதம் காக்கும் பொட்டலம் ஒன்றோடு ஜிப் பையில் போட்டு, கைப்பையில் கொண்டுபோங்கள். ஊர் சேர்ந்ததும் சுருட்டில் புழு பயம் இருந்தால், காற்று நீக்கிய பையில் ஒரு நாள் குளிர்பெட்டியிலும், மூன்று நாள் உறைபெட்டியிலும், மறுபடி ஒரு நாள் குளிர்பெட்டியிலும் வைத்து எடுங்கள். நேராக உறையவைத்தால் மேலிலை வெடிக்கும்.

மது ஊருக்குள் வாங்கியதென்றால் சரக்குப் பெட்டியில்தான். 24 முதல் 70 சதவீத வீரியமுள்ளது ஒருவருக்கு 5 லிட்டர் வரை, திறக்காத கடைப் பாட்டிலாக. 70-க்கு மேல் எந்தப் பெட்டியிலும் ஏறாது. தக்கை மூடிப் பாட்டில், அதிலும் பீங்கான், அழுத்த மாற்றத்தில் கசியும். மூடியைச் சுற்றி ஒட்டுநாடா, பிறகு பிளாஸ்டிக் பை, பிறகு துணி, பெட்டியின் நடுவில். தீர்வையற்ற கடையில் வாங்கி அமெரிக்கா வழியாகப் போகிறவர், முதல் அமெரிக்க நிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும்போது அந்தப் பாட்டிலையும் உள்ளே வைத்துவிட வேண்டும். அடுத்த பாதுகாப்புச் சோதனையில் முத்திரைப் பை பிரிந்திருந்தால் பாட்டில் அங்கேயே தங்கிவிடும்.